பார்க்க வருவோரும் பார்க்கப்படுவோரும்

உல்லாசப் பயணம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ் சுளிக்கும் முற்போக்காளர் நம்மிடையே பலர் உளர். செல்வர் பொழுதுபோக்கும் வழிகளுள் அதுவும் ஒன்று என்பது அவர்தம் முடிவு. இம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை. 1841ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தோமஸ் குக் என்பார் லெஸ்டர் நகரிலிருந்து சுமார் 500 பேரைப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றபோது, ஒரு ஷில்லிங் கொடுத்து அதில் ஏறியவர்கள் பிரபுக்கள் அல்லர். மதுவிலக்குக் கூட்டமொன்றுக்குச் சென்ற சாதாரண மக்களே. 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர் ஆலைகளைத் தம் வசப்படுத்தி நடத்திய வேலைநிறுத்தங்களின் பயனாகவே, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை அங்கே சட்டமாயிற்று. கடலையே கண்டறியாத பலர் அவ்வாண்டுக் கோடையில் முதன்முதலாகக் கடற்கரைக்குச் சென்றனர். ஊர் காணப் புறப்படும் ஆசை இழிவானதன்று. அதற்கு வேண்டிய ஓய்வு போராடிப் பெற்ற உரிமை.

ஆயின், மனிதன் எதன் பொருட்டுப் புறப்படுகிறான்? இத்துறையை ஆராய்வோர் காரணங்களை இருவகைப்படுத்துவர்: வீட்டிலிருந்து தள்ளுவன, வேற்றூரிலிருந்து இழுப்பன. அலுப்பும் தனிமையும் தள்ளுகின்றன. மலையும் கடலும் கோயிலும் இழுக்கின்றன. பாகுபாடு சரிதான். ஆனால், ஆண்டு முழுவதும் பிறன் ஏவலுக்கு இயங்கியவன்தானே ஒரு பதினைந்து நாளாவது தன் விருப்பப்படி வாழத் துடிக்கிறான்? ஜேர்மன் கவிஞர் என்ஸென்ஸ்பெர்கர் 1958இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்விடத்தைத் தொட்டார். ஆலைச் சமுதாயத்திலிருந்து தப்பியோட விழைபவனுக்கு அத்தப்பியோட்டமே ஆலைப் பொருளாக விற்கப்படுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். கூரிய கருத்துத்தான், எனினும் அவர் கண் பயணியின் மீதே பதிந்திருந்தது. பயணி சென்றிறங்கும் ஊரிலிருந்து பார்க்கும் நமக்கோ வேறொரு வினா எழுகிறது: இழுக்கும் அந்த அழகை ஆக்கியவர் யார்?

நமது மலையகத்தையே நோக்குவோம். எல்லை நோக்கிச் செல்லும் புகையிரதத்தின் வாயிலில் தொங்கியவாறு படம் எடுக்கும் வெளிநாட்டார், பச்சைச் சரிவுகளை இயற்கை எழில் என வியக்கின்றனர். அது இயற்கையன்று. காடழித்துக் கோப்பியும், 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் பயிரிடத் தொடங்கியதன் பின் தேயிலையும் நட்ட கைகளின் வேலை அது. அக்கைகளுள் மிகப் பல தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த தமிழருடையவை. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996 முதல் ஹோட்டலாக விளங்குகிறது. பழைய துரைமார் பங்களாக்கள் சிலவற்றில் ஓரிரவு தங்குவதற்கு அறவிடப்படும் பணம், அதே சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் ஒரு மாதச் சம்பளத்தை விஞ்சுகிறது. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. அது வர்த்தமானியில் ஏற 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவளது கூடையும் புன்னகையும் விளம்பரத் தாள்களில் உலகைச் சுற்றிவருகின்றன. அவள் வசிக்கும் லயத்தின் ஒழுகும் கூரை அப்படத்தில் இடம்பெறுவதில்லை. படம் எடுப்பவர் சற்றே கோணத்தைத் திருப்பிக்கொள்கின்றனர்.

மனிதனை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்றார் கான்ட். அவ்வறம் பயணியின் நடத்தைக்கு ஓரளவு வழிகாட்டும்: கேளாமற் படம் எடாதே, இனிப்பை வீசிக் குழந்தைகளை ஓடவிடாதே. ஆனால் மரியாதையுள்ள பயணி ஆயிரவர் வந்தாலும் கொழுந்தெடுப்பவளின் நிலை அணுவளவும் மாறாதன்றோ?

உல்லாசப் பயணத்துக்கென அரச சபை 1966இல் நிறுவப்பட்ட நாள்முதல், இத்துறையின் வெற்றியை நாம் தலைகளை எண்ணியே அளந்து வருகிறோம். 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களும் பின்னர் தொற்றுநோயும் அத்தொகையை 2021இல் இரண்டு இலட்சத்துக்குங் கீழே தள்ளின. எம் மாணவரைக் கேட்டால் ‘அந்நியச் செலாவணி’ என்ற ஒரு சொல்லிலேயே கட்டுரையை முடித்துவிடுவர். (பாடநூல் அவர்களுக்கு அதைத்தானே கற்பித்தது!) போட்டியில் முந்துதல் என்பது தலையெண்ணிக்கை மட்டுமாயின், வெனிஸ் நகரைவிட வென்ற ஊர் ஏது? 1951இல் அதன் பழைய நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அவர்தொகை 50,000இற்குங் குறைந்தது. வீடுகள் விடுதிகளாயின. 2024இல் பகற்பொழுதுக்கு மட்டும் வருவோரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடலாயினர். காட்சி எஞ்சியிருக்கிறது, ஊர் கரைந்துவருகிறது.

இதனைக் கண்டஞ்சிய சிலர், உள்ளூர் மக்களை நன்கு நடத்தினாற்றான் ஊரின் கவர்ச்சி நிலைக்கும், ஆகவே நீதி இலாபகரமானது என்கின்றனர். அவர்கள் கணக்கு பிழையன்று. ஆனால் நீதியை அக்கணக்கில் எழுத நாம் உடன்படோம். இலாபம் தராத நாளில் அது கைவிடப்படும் அல்லவா? 2004 டிசம்பர் கடற்கோளின் பின் நடந்ததை நினைவுகூர்க. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை கரையில் வீடு கட்டலாகாதென மீனவருக்குத் தடை விதிக்கப்பட்டது. சேதமுற்ற ஹோட்டல்களுக்கோ அத்தடையிலிருந்து விலக்கு. அலை மீனவன் குடிலையும் ஹோட்டலையும் பிரித்தறியாது, சட்டம் பிரித்தறிந்தது. எதிர்ப்பு வலுத்த பின்னரே, 2005இன் இறுதியில் எல்லைகள் தளர்த்தப்பட்டன.

ஆகவே வினா நிலத்தில் வந்து நிற்கிறது. எல்லையில் சொந்தக் காணியுடைய கிராமத்தவர் இரண்டு அறை கட்டி விருந்தினரை ஏற்றுத் தம் பிள்ளைகளைப் படிக்கவைக்கின்றனர்; அவர்களிடம் உறுதிப்பத்திரம் உண்டு, வங்கி கடன் கொடுக்கும். அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோருக்கு லய அறையும் சொந்தமன்று, வாசலிலுள்ள மரக்கறிப் பாத்தியும் சொந்தமன்று. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் என்பது 2015இன் பின் வந்த அரசாங்கத்தின் திட்டம். அது சென்றடைந்த குடும்பங்கள் சில. லயங்களிலேயே இன்னும் வாழ்வோர் மிகப் பலர்.