இறங்கத் தெரிந்த விமானி



பகவான் புத்தர் குசிநகரில் பரிநிர்வாணம் எய்தும் தறுவாயில் பிக்குகளுக்கு அருளிய இறுதி உபதேசம் விழிப்புடைமையைப் பற்றியதாகும். பாலி மொழியில் இதனை அப்பமாதம் என்பர். விழிப்புடைமை என்றவுடன் இடைவிடாது முன்னேறிச் செல்வதையே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதும் விழிப்புடைமையே ஆகும். இவ்வுண்மையை அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு சிந்திப்போம்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அந்நாளில் இந்தியத் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ராஜீவ் குமார் அவர்கள் உத்தரகண்ட் மாநிலத்துப் பித்தோராகர் மாவட்டத்தில் சிறிய ஹெலிகாப்டர் ஒன்றில் பிரயாணம் செய்தார். மிலம் பகுதியை நோக்கிச் செல்கையில் இமயமலையின் உட்புறத்தில் வானிலை கெட்டது. விமானி குறித்த இடத்திற்குச் சென்றே தீருவேன் என்று பிடிவாதம் கொள்ளவில்லை. ராலம் என்னும் உயர்மலைக் கிராமத்தில் ஊர்தியை இறக்கிவிட்டார். பனிக்காலத்தை முன்னிட்டு மக்கள் கீழே சென்றுவிட்டபடியால் ஊர் ஆளற்றுக் கிடந்தது. வந்தவர்கள் அங்கிருந்த வீடொன்றில் கடுங்குளிரில் இரவைக் கழித்து, மறுநாள் நலமாகத் திரும்பினர்.

இதனால் இழந்தது யாது? ஒரு நாளைய நிகழ்ச்சி நிரல். எஞ்சியது யாது? ஊர்தியில் இருந்த அத்தனை உயிர்கள்.

இது எளிய செயல் என்று கருதவேண்டாம். மேகத்துள் புகுந்த விமானிக்கு வானும் மண்ணும் தெரிவதில்லை. நம் உட்செவியில் உள்ள நீர்மமே உடலின் திருப்பத்தை நமக்கு அறிவிக்கிறது. மெதுவான திருப்பத்தை அது உணர்வதில்லை. ஆகவே, சாய்ந்து சுழலும்போதும் நேரே செல்வதாகவே மனிதன் நம்புகிறான். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், கருவிகளைக்கொண்டு பறக்கும் பயிற்சி பெறாத 20 விமானிகளைச் சோதித்தனர். வெளியே பார்க்க இயலாத நிலையில் அவர்கள் விமானத்தைச் செலுத்தினர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சராசரியாக ஆன காலம் 178 விநாடிகள். அதாவது, மூன்று நிமிஷங்கூட இல்லை!

2020ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்ட் உள்ளிட்ட ஒன்பதுபேர் மாண்ட ஹெலிகாப்டர் விபத்து இதற்குச் சான்று. வழியிலே இறங்குவதற்கு விமான நிலையம் இருந்தது. விமானியோ மேகத்துள் சென்றார். மேலே ஏறுவதாக அவர் தரைக்கு அறிவித்த வேளையில் ஊர்தி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவரை எவரும் வற்புறுத்தியதற்குச் சான்றில்லை என்றும், அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெருக்கடி ஒரு காரணம் என்றும் அந்நாட்டு விசாரணைக் குழு கண்டது. மாண்டவரைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. அந்த நெருக்கடி நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் உண்டு என்பதற்காகவே கூறுகிறோம்.

அன்பர்களே, அதற்குப் பகவன் இட்ட பெயர் வேட்கை. சென்று சேரவேண்டும் என்ற பற்று மிகும்போது, கெட்டதை நல்லதென்றும், இறங்குவதை ஏறுவதென்றும் சித்தம் மயங்குகிறது.

அங்குலிமாலனை நினைவுகூருங்கள். அவன் தன் வலிமை முழுவதையும் கூட்டி ஓடினான். பகவனோ அமைதியாக நடந்தார். ஆயினும் அவரை அவனால் எட்டிப்பிடிக்க இயலவில்லை. நிற்குமாறு அவன் கூவியபோது, தாம் முன்பே நின்றுவிட்டதாகவும் அவனே இன்னும் நிற்கவில்லை என்றும் பகவன் உணர்த்தினார். அவன் நின்றான், அன்றே அவனுக்குப் புதுவாழ்வு தொடங்கியது. நன்முயற்சி நான்கு வகை. தோன்றாத தீமையைத் தடுத்தல், தோன்றிய தீமையை விடுத்தல், தோன்றாத நன்மையைத் தோற்றுவித்தல், தோன்றிய நன்மையை வளர்த்தல் என்பன அவை. முதல் இரண்டும் நிறுத்தும் முயற்சிகளே அல்லவா? நிற்பது சோம்பலாகாது, அதுவும் முயற்சியே.

நம் இல்லங்களைப் பாருங்கள். எளிய முறையில் திருமணம் செய்வதென்று பஞ்சசீலம் ஏற்ற குடும்பம் தீர்மானிக்கிறது. பிறகு, உற்றார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் வருகிறது. பந்தல் பெரிதாகிறது, விருந்து பெரிதாகிறது, வட்டிக்குப் பணம் வாங்கப்படுகிறது. கடன் மிகுவதைக் கண்ணாற் கண்டும், இவ்வளவு தூரம் வந்தபின் எப்படி நிறுத்துவது என்கிறார்கள். ஒருநாள் கௌரவத்திற்காகப் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது. ஒருமுழ நிலத்திற்காக அண்ணன் தம்பியர் ஆண்டுக்கணக்கில் வழக்காடுவதும் இத்தகையதே. இவர்களுக்கும் இறங்குவதற்கு ஒரு ராலம் எப்போதும் அருகிலேயே இருக்கிறது.

மேகத்துள் புகுந்தபின் யோசிப்பது கடினம். ஆகையால் தேர்ந்த விமானிகள், இன்ன அளவுக்கு வானிலை கெட்டால் திரும்பிவிடுவது அல்லது இறங்கிவிடுவது என்று புறப்படுமுன்பே வரையறுத்துக்கொள்கிறார்கள். நாமும் எச்செயலையும் தொடங்குமுன்பே எல்லை வகுத்துக்கொள்வோமாக. சீலம் என்பது அத்தகைய எல்லையே. அது எட்டியதும், ஊரார் நகைப்பினும் இறங்கிவிடுவோமாக. ஆளற்ற ஊரில் ஓரிரவு குளிரைப் பொறுத்தவர்களே மறுநாள் கதிரவனைக் கண்டார்கள்.

சாது! சாது! சாது!