சந்தேகப்பட யாருக்கு உரிமை?

எங்க அம்மா கரும்பு வெட்டியவள். கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆலைகளுக்கு வெட்டு தொடங்கிவிட்டால் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கித் தின்றாயிற்று. டன் கணக்கில்தான் கூலி. அடியோடு ஒட்ட வெட்டணும், தோகையைக் கழிக்கணும், கட்டுக் கட்டணும், தூக்கிப் போடணும். ஒரு நாளைக்குக் கத்தி எத்தனை தடவை விழுகிறது என்று யாரும் எண்ணியதில்லை.

ஒருநாள் காலையில் கத்தியைத் துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கைப்பிடிக்கு நாலு விரல் மேலே, குறுக்கே, தலைமயிர் போல ஒரு கோடு. நகத்தை ஓட்டிப் பார்த்தாள். தட்டுவது போலவும் இருந்தது, தட்டாதது போலவும் இருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் வேற்று ஆள் இல்லை, எங்க தெருக்காரர்தான். "அது சாணை புடிச்ச கோடுக்கா. ஒண்ணும் ஆவாது. லாரி நிக்கிது, வெட்டு" என்றார். அரையாண்டு லீவில் சோறு கொண்டு போயிருந்த நானும், "ஒண்ணும் ஆவாதும்மா" என்றேன். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கட்டவேண்டிய என் பணம் அந்த வாரக் கூலியில்தான் இருந்தது.

அம்மா பதில் பேசவில்லை. பக்கத்து வரிசையில் நின்ற சின்னம்மாவை, "நீ அந்தாண்ட போடி" என்று தள்ளி அனுப்பினாள். வயலின் கடைசி ஓரத்துக்குப் போய்த் தனியாக வெட்டத் தொடங்கினாள். அன்று கத்தி உடையவில்லை.

சாயந்திரம் கொல்லுப் பட்டறைக்குப் போனோம். ஆசாரி எங்கள் கையிலிருந்து கத்தியை வாங்கமாட்டார். கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கணும். அப்புறம் அவர் எடுப்பார். ஆனால் இரும்பைப் பற்றி அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. முதலில் சுத்தியால் லேசாகத் தட்டினார். கணீரென்று வரவேண்டிய ஓசை செத்து விழுந்தது. கோட்டின் மேல் மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டார். நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடியைப் பூசினார். வெறும் கீறல் என்றால் பொடி வெள்ளையாகவே கிடக்கும். விரிசல் என்றால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து வெளியே வரும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையின் நடுவே ஈரமாக ஒரு கோடு எழுந்தது. ரயில் அச்சுகளில் விரிசலை முன்பு இந்த முறையில்தான் கண்டுபிடித்தார்கள் என்று பின்னாளில் படித்தேன்.

"இது லாரிப் பட்டையில அடிச்சது. லாரியிலயே ஆயிரம் தடவ வளைஞ்ச இரும்பு. நீ ஓங்குற ஒவ்வொரு வெட்டுக்கும் இது மயிரளவு பிளந்துகிட்டே போவும். ஒருநாள் மிச்ச இரும்பு தாங்காது, சொல்லாம கொள்ளாம பறக்கும்" என்றார். வெல்டு வைக்கலாமா என்று கேட்டாள் அம்மா. "மேல மூடும், உள்ள மூடாது. சூடு பட்ட எடத்துல தோய்ச்சலும் போயிரும்" என்று மறுத்துவிட்டார்.

கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. அன்று பகல் முழுக்கக் கத்தி உடையவில்லை என்பதால், மேஸ்திரி சொன்னதும் நான் சொன்னதும் சரியாகிவிடுமா?

கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877-இல், நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பலமுறை பழுது பார்த்தது என்று அவருக்குத் தெரியும். சந்தேகம் வருகிறது. 'இத்தனை தடவை போய் வந்ததுதானே' என்று சந்தேகத்தை அமுக்கிக்கொண்டு அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. பிழைப்பு தேடிப் புறப்பட்ட ஜனம் சாகிறது. முதலாளி காப்பீட்டுப் பணம் வாங்குகிறார். கிளிஃபோர்டு சொல்வது இதுதான்: கப்பல் பத்திரமாகவே போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான். விளைவு அல்ல, விசாரிக்காமல் நம்பியதே குற்றம்.

சரிதான். ஆனால் இந்தக் கதை முதலாளியின் மனசுக்குள் நடக்கிறது. கப்பலுக்குள் இருந்த மாலுமிக்கு என்ன தெரியும்? எந்தப் பலகை முனகுகிறது என்று அவனுக்குத்தான் முதலில் தெரியும். அதே இங்கிலாந்தில் 1870களின் தொடக்கத்தில், ஓட்டைக் கப்பலில் ஏற மறுத்த மாலுமிகளைச் சிறையில் தள்ளினார்கள். பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போராடி, 1876-இல்தான் கப்பல்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

ஆக, சந்தேகம் என்பது வெறும் அறிவின் காரியம் அல்ல. அதற்கு ஒரு விலை இருக்கிறது. மாற்றுக் கத்தி வைத்திருப்பவனால் சந்தேகப்பட முடியும். ஒரு நாள் கூலியை இழக்கத் தாங்குகிறவனால் சந்தேகப்பட முடியும். அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது, உரிமை இல்லை. சந்தேகத்தைத் தீர்க்கும் கடமை உள்ளவர்களோ, எங்களுக்குச் சந்தேகமே இல்லை என்றோம்.

'ஒவ்வொரு கீறலுக்கும் வேலையை நிறுத்தினால் வயல் என்னாவது?' என்று கேட்கலாம். நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மூடி மண்ணெண்ணெய், ஒரு பிடி சுண்ணாம்பு, கொஞ்ச நேரம், செட்டுக்கு ஒரு மாற்றுக் கத்தி, இவ்வளவுதான் கேட்பது. இதைக்கூடத் தராதவனுக்கு 'ஒண்ணும் ஆவாது' என்று சொல்ல வாயில்லை. அது நம்பிக்கை அல்ல. அடுத்தவள் உடம்பை வைத்து ஆடும் சூதாட்டம்.

எந்த அறநூலும் படிக்காத அம்மா அந்த நிலையிலும் ஒன்றைச் செய்தாள். கத்தியைக் கீழே போட வழியில்லை. பறந்தால் தன்மேல் மட்டும் படட்டும் என்று ஓரத்துக்குப் போனாள். இதைத் தியாகம் என்று புகழ எனக்கு நா எழவில்லை. அவளை அந்த ஓரத்துக்குத் தள்ளியவர்களில் நானும் ஒருவன். சங்கம் வைத்திருக்கிற தோழர்கள் கூலி உயர்வோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: சந்தேகம் என்று ஒருத்தி கத்தியைக் கீழே வைத்தால், அன்றைய கூலி அவளுக்கு முழுசாக வரவேண்டும்.

அந்தச் சுற்றுலாவுக்கு நான் போய்வந்தேன்.