காண்பதும் காட்டுவதும்

ஸ்காத்லாந்து தேசத்தில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கையின் மகன், மூன்று நாள் விடுமுறையை அத்தேசத்தின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள அபர்டீன் நகரத்தில் கழிக்க எண்ணி, அங்கே பார்க்க வேண்டியவை இன்னின்னவை என்று ஒரு ஜாபிதா தயாரித்து, "மாமா, இதில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று சொல்லுங்கள்" என்று சென்ற ஐப்பசியில் எனக்கு எழுதியிருந்தான். பாலக்காட்டு ஜில்லாவின் கீழ்க்கோடியில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமமொன்றில், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வருவதையே பிரயாணமென்று எண்ணிக் காலம் கழித்துவிட்ட என்னிடம் இப்படியொரு கேள்வி வந்தது வேடிக்கைதான். ஆயினும், கேள்வி வந்துவிட்டபடியால் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. யோசிக்க யோசிக்க, எதைப் பார்ப்பது என்ற அவனுடைய கேள்வி கரைந்துபோய், பார்ப்பது என்றால் என்ன, பார்த்ததனால் ஒருவனுக்கு என்ன லாபம் என்ற வேறொரு கேள்வியாக அது என் முன்னே நின்றது.

அவனுடைய ஜாபிதா நல்ல ஜாபிதாவே. டீ, டான் என்னும் இரண்டு நதிகள் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே அமைந்த அந்நகரம் முழுவதும் சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டப்பட்டது. மழை பெய்து வெயில் அடிக்கும்போது கல்லுக்குள்ளிருக்கும் அப்பிரகம் மின்னி, வீதியே வெள்ளி பூசினாற்போலத் தோன்றுமாம். 1495-ஆம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட கிங்ஸ் கல்லூரி, ராபர்ட் ஸ்டீவன்சன் என்ற பொறியியல் வல்லுநர் 1833-இல் கட்டி முடித்த கலங்கரை விளக்கம், துறைமுக வாயிலில் துள்ளி விளையாடும் ஓங்கில் மீன்களைக் கரையில் நின்றபடியே பார்க்கத் தக்க பழைய பீரங்கி மேடை, செம்படவர்கள் குடியிருப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுரம் சதுரமாகக் கட்டிய ஃபிட்டி என்ற குடியிருப்பு ஆகிய எல்லாம் அதில் இருந்தன. அந்தச் செம்படவர் வீடுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடு முற்றத்தைப் பார்த்து நிற்கின்றன என்று அவன் எழுதியிருந்தது என் மனத்தில் தங்கியது. பிழைப்புக்காகத் தினந்தோறும் கடலுக்குப் போகிறவனுக்கு ஜன்னல் வழியாகவும் அதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இராதல்லவா?

ஜாபிதாவின் கடைசியில் புனித மாக்கர் ஆலயம் என்று ஒரு வரி இருந்தது. அவ்வாலயத்துக்கு ஓர் ஐதிகம் உண்டு. கொலம்பா முனிவரின் சீடரான மாக்கர், ஒரு நதி கடலை அடைவதற்கு முன்னால் மேற்றிராணியாரின் கைக்கோலைப்போல வளையும் இடம் எதுவோ அங்கே கோயில் எழுப்பக்கடவாய் என்ற ஆணையைப் பெற்று, தேடி அலைந்து, டான் நதியின் வளைவில் அவ்வடையாளத்தைக் கண்டு அங்கேயே தங்கினாராம். நதி வளைந்த இடத்தில் தெய்வம் அமர்ந்தது என்று கேட்டவுடனே தமிழனுக்கு அந்நிய தேசத்துக் கதை கேட்பதுபோல் இராது. நம்முடைய தலபுராணங்களில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன.

ஆனால் அந்தத் தேசத்தின் சரித்திரம் பிறகு வேறு திசையில் திரும்பிற்று. 1560-இல் ஸ்காத்லாந்து மதச் சீர்திருத்தத்தை மேற்கொண்டபோது, எங்கும் நிறைந்த ஈசுவரனை ஒரு கல்லிலும் ஓர் எலும்பிலும் அடைத்துத் தேடுவது அஞ்ஞானம் என்று சீர்திருத்தக்காரர் உபதேசித்தார்கள். புனிதர்களின் எலும்புகளை வணங்க ஜனங்கள் கூட்டங்கூட்டமாக நடந்துசென்ற யாத்திரை வழிகளில் புல் முளைத்தது. மாக்கர் ஆலயத்தின் நடுக்கோபுரம் 1688-இல் இடிந்து விழுந்து, முன்பாதி மாத்திரமே மிஞ்சிற்று. இன்று அங்கே வழிபாடு நடக்கிறது. ஆனால் மேற்றிராணியார் இல்லை. பேரளவில்தான் அது பேராலயம். யாத்திரிகர் போன பாதையில் இப்போது உல்லாசப் பிரயாணிகள் போகிறார்கள்.

சீர்திருத்தக்காரர் கேட்ட கேள்வியை நம்மவர்கள் கேளாமலில்லை. நம்முடைய சித்தர்கள் நட்ட கல்லையும் மூழ்கும் தீர்த்தத்தையும் பரிகசித்ததில் யாருக்கும் இளைத்தவர்களல்லர். கடவுள் எங்கும் இருக்கிறார் என்பது உண்மையானால் காசிக்குப் போவானேன்? பாலக்காட்டுக்காரர்கள் இந்தக் கேள்விக்குத் தங்கள் வழக்கப்படி ஒரு சமாதானம் கண்டார்கள். லக்ஷ்மி அம்மாள் என்னும் மாது காசியிலிருந்து கொணர்ந்த லிங்கத்தை 1425-இல் ஆற்றங்கரையில் பிரதிஷ்டை செய்வித்ததாக வழங்கும் கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயிலைப் பற்றி, 'காசியில் பாதி கல்பாத்தி' என்பார்கள். முழுவதும் என்று சொல்லாமல் பாதி என்று நிறுத்திக்கொண்டதில் ஒரு பணிவு இருக்கிறது. அதே சமயத்தில், தூரம் போக முடியாதவனுக்கும் வழி அடைக்கப்படவில்லை என்ற கருணையும் இருக்கிறது.

அந்தக் கோயிலுக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்றக் கோயில்களுக்குப் படியேறிப் போகிறோம்; இங்கேயோ அக்கிரகாரத்து வீதியிலிருந்து படியிறங்கி, ஆற்றை நோக்கித் தாழ்ந்து செல்லவேண்டும். காண வந்தவன் தன்னைத் தாழ்த்திக்கொண்டாலொழியக் காட்சி கிடைக்காது என்று அந்தப் படிகளே சொல்வதாக எனக்குச் சிறு வயதுமுதல் ஓர் எண்ணம். ஐப்பசிக் கடைசியில் தேர் ஓடும்போது, கூட்டத்தில் ஊன்றுகோலுடன் நிற்கும் கிழவி, சுவாமியைப் பார்த்தேன் என்று சொல்வதோடு நிற்பதில்லை; சுவாமி என்னைப் பார்த்துவிட்டார் என்றும் சொல்வாள். தரிசனம் என்பது ஒருவழிப் பார்வை அன்று. பார்க்கப் போகிறவன் பார்க்கப்படுவதற்கும் உடன்பட்டே போகிறான். போன இடத்தில் முடியையோ, காசையோ, ஒரு விரதத்தையோ கொடுத்துவிட்டு, ஒரு கடனைச் சுமந்துகொண்டு திரும்புகிறான்.

கண்ணால் காண்பதற்கும் தத்துவ சாஸ்திரத்துக்கும் தரிசனம் என்ற ஒரே சொல்லை நம் முன்னோர் வழங்கியது காரணமில்லாமல் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், தன் பதினோராம் சூத்திரத்தில் இந்தக் காணுதலையே ஆராய்கிறது. கண் தானாகக் காண்பதில்லை. உள்ளே இருக்கும் உயிர் அதற்குத் துணைநின்று காட்டவே காண்கிறது. அவ்வாறே உயிரும் தானாக அறிவதில்லை. இறைவன் அதற்குக் காட்டியும், அதனோடு உடனாய் நின்று கண்டும் உதவுகிறான். இவற்றைக் காட்டும் உபகாரம் என்றும், காணும் உபகாரம் என்றும் சைவ சித்தாந்திகள் பெயரிட்டார்கள். அந்த உபகாரத்தை உணர்ந்த உயிருக்கு மறவாத அன்பு பிறக்கிறது. அன்பு பிறந்தபின் அது சேரவேண்டிய இடத்தைச் சேர்கிறது. ஆகவே, 'நான் பார்த்தேன்' என்ற வாக்கியம் சித்தாந்தியின் காதில் அரைகுறை வாக்கியமே. காட்டியவர் யார் என்பதையும் சேர்த்தால்தான் அது நிறைவுபெறும்.

இதை நான் ஏட்டில் படித்து நெடுங்காலமாயிற்று, விளங்கியது மூணாற்றில். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாற்றில் மறுபடியும் கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர்ச் சந்தனக் காட்டைக் கடந்து ஏறினால் அந்த மலைநாடு வருகிறது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அது இன்று விடுமுறைக்குப் போகும் ஊர். ஒருகாலத்தில் அது ஸ்காத்லாந்துக்காரரின் ஊர். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து அந்த மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1895-இல் கிளாஸ்கோ நகரத்து பின்லே கம்பெனியார் வந்தார்கள். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி ஏற்பட்டது. மலைக்கு மேலே துரைகள் வந்தார்கள். அவர்களுக்குக் கீழே கங்காணிகளின் பின்னால், திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் நம்மவர்கள் வந்தார்கள்.

ஊருக்கு மேலே ஒரு குன்றின்மீது, 1910-இல் அஸ்திவாரமிட்டு மறு வருஷம் திறக்கப்பட்ட கிறிஸ்து ஆலயம் நிற்கிறது. சுவர்களில் தோட்டத்துத் துரைமார்களின் ஞாபகார்த்தமாகப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கின்றன. ஆலயத்தைவிட அதன் கல்லறைத் தோட்டத்துக்கு வயது அதிகம். கம்பெனியின் முதல் பெரிய துரையான ஹென்றி மேன்ஸ்பீல்டு நைட்டின் இளம் மனைவி எலினார் இசபெல் 1894-இல் வாந்திபேதியால் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டாள். வந்த புதிதில் அந்தக் குன்றின்மேல் நின்று நாற்புறமும் பார்த்த அவள், நான் இறந்தால் இங்கேயே புதையுங்கள் என்று சொன்னாள் என்றும், சில நாட்களுக்குள் அந்த வார்த்தை பலித்துவிட்டது என்றும் ஊரார் சொல்லுவார்கள். இடத்துக்குப் புனிதம் இல்லையென்று வாதித்த மார்க்கத்தாரின் தோட்டத்திலும், கண்ட இடம் ஒன்று, கண்டவளை விடாமல் பிடித்துக்கொண்டது. அவளுடைய கல்லறையே பிறகு வந்தவர்களுக்கு ஒரு ஸ்தலமாயிற்று. தத்துவம் எப்படிச் சொன்னாலும், மனுஷ்ய ஹிருதயம் ஊன்றி நிற்கக் கொஞ்சம் மண்ணைக் கேட்கிறது.

குன்றைவிட்டு இறங்கி வரும் சாலையோரத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாளிடம், நானும் எல்லாரையும்போல, "என்ன அழகான ஊர் அம்மா!" என்றேன். இடுப்பில் சாக்குப் படுதாவும் தலையில் துண்டுமாக நின்றவள், கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "நாங்க கவாத்து வெட்டலேன்னா இது பூராவும் மரமாப் போயிரும் ஐயா. பெறவு நீங்க எதைப் பாக்க வருவீங்க?"

அவள் சொன்னது அட்சரலக்ஷம் பெறும். தேயிலை செடியன்று, மரம். விட்டால் வீட்டுக்கு மேலே வளரும். சில வருஷங்களுக்கொருமுறை கவாத்து செய்து, வாரந்தோறும் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பதனால்தான் மலைச்சரிவு முழுவதும் கத்தரித்த பச்சைக் கம்பளமாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. இயற்கையின் எழில் என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போகிறோமே, அது ஐந்து தலைமுறைப் பெண்களின் விரல் வேலை. நமக்குக் காட்டியவர்கள் அவர்கள். நாமோ காட்சியை எடுத்துக்கொண்டு, காட்டியவர்களைக் காட்சிக்குள் ஒரு புள்ளியாக வைத்துவிட்டு வருகிறோம். 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இரவு, இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தபோது மாண்ட 70 பேரும் அப்படிக் காட்டியவர்களின் குடும்பத்தார். வரையாடு பார்க்க இராஜமலைக்குப் போகிறவர்களின் ஜாபிதாவில் அவர்களுடைய மண்மேடுகள் இல்லை.

இதனால் யாத்திரை உயர்ந்தது, உல்லாசப் பிரயாணம் தாழ்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் வண்டியில் ஓடிப் பார்த்து, எந்தச் சந்நிதியிலும் பத்து நிமிஷம் நிற்காமல், எண்ணிக்கை சரியாயிற்று என்ற திருப்தியோடு திரும்புகிற பக்தனும் ஜாபிதாக்காரன்தான். பெயர் தெரியாத ஒரு செம்படவன் வீட்டுச் சுவரின் அருகே, இவன் முதுகுக்குப் பின்னால் வைத்த கடல் எத்தனை பேரை விழுங்கியிருக்கும் என்று ஒரு கணம் நின்று நினைக்கிற பிரயாணி, காவி உடுத்தாவிட்டாலும் யாத்திரிகனே. பேதம் ஊரில் இல்லை, போகிறவனிடத்தில் இருக்கிறது. கண்டதற்காகத் தான் யாருக்கோ கடன்பட்டவன் என்று உணர்கிறவன் எங்கே போனாலும் அது க்ஷேத்திரம். அவ்வுணர்ச்சி இல்லாதவனுக்குக் காசியும் ஒரு கடைவீதி.

மருமகனுக்கு நான் எழுதிய பதில் இதைவிடச் சிறியது. உன் ஜாபிதாவில் எதையும் அடிக்க வேண்டாம், எதையும் சேர்க்கவும் வேண்டாம். போகிற இடந்தோறும், இதை எனக்குக் காட்டுகிறவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள், கருங்கல்லை வெட்டியவனையும் விளக்கை ஏற்றியவனையும் நினைத்துக்கொள், அவ்வளவு போதும் என்று எழுதினேன். அடுத்த விடுமுறைக்கு மூணாற்றுக்குப் போக எண்ணியிருக்கும் வாசகர்களுக்கும் அதையே சொல்வேன். தேயிலைச் சரிவைப் படம் பிடிக்குமுன், அங்கே நிற்கிற அம்மாளிடம், "இந்தப் பாத்தி எப்போது கவாத்து செய்தது?" என்று கேளுங்கள். அவள் சொல்லுவாள்.