வீடு பார்க்க வருகிறார்கள்

"வீடு பார்க்க வருகிறார்கள்" என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு குடும்பத்தில் பரபரப்புப் பிறந்துவிடுகிறது. முற்றத்து மணல் கூட்டப்படுகிறது. கிணற்றடிப் பாசி சுரண்டப்படுகிறது. சுவரின் வெடிப்பிலே சீமெந்தை அப்பி வெள்ளையடிக்கிறார்கள். மாரி மழைக்கு ஒழுகிய மூலையின் கறைமேல் புதுவர்ணம் ஏறுகிறது. கறையான் ஏறிய சுவரோரத்திற்கு அலுமாரி நகர்த்தப்படுகிறது.

கொழும்பிலே இச்சொல்லைக் கேட்டால் வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று கொள்வர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் இதற்கு வேறொரு பொருள் உண்டு. அந்த வீட்டிலே பெண் ஒருத்திக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிகளும் சீதனமாக வரப்போகும் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்பதே அது. இந்தக் கரையோரத்தில் மணமகள் பிறந்த வீட்டைவிட்டுப் போவதில்லை. மணமகனே அவள் வீட்டுக்கு வருகிறான். பெற்றோர் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, காலப்போக்கில் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ வேறொரு கூரையின்கீழ் ஒதுங்குகிறார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு.

வெடிப்பை மறைத்து வீட்டைக் காட்டுவது அறமா? கேள்வி சிறியது போலத் தோன்றும். ஆயினும் மிகப் பழையது. உரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதையே விசாரித்தார். ஒருவன் தன் வீட்டை விற்கிறான். அதன் அறைகளில் பாம்பு வருகிறது, மரங்கள் உளுத்துவிட்டன, விற்பவனைத் தவிர வேறொருவருக்கும் இது தெரியாது. அவன் சொல்லக் கடமைப்பட்டவனா? வாங்குபவனை யாரும் வற்புறுத்தவில்லை, அவன் தன் கண்ணால் பார்த்து வாங்குகிறான், ஆகவே சொல்லாமல் விடுவது ஏமாற்றாகாது என்பது பாபிலோனிய டயோஜனிஸ் என்ற தத்துவவாதியின் கட்சி. வழிதவறியவனுக்கு வழிகாட்டாமல் விடுவதிலும் இது கொடியது என்பது அந்திப்பாத்தரின் கட்சி. சிசரோ அந்திப்பாத்தரின் பக்கமே நின்றார்.

கல்முனை வாசகருக்கு உரோமாபுரி வரை போகவேண்டிய தேவையும் இல்லை. மதீனத்துச் சந்தையில் நபிகள் நாயகம் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்ட வரலாற்றைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். மழையில் நனைந்தது என்றான் வணிகன். அப்படியாயின் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவனுக்குக் கிடைத்த மறுமொழி. குறையிருப்பது குற்றமன்று, குறையை அடியில் வைப்பதே குற்றம். இலங்கையின் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டமும் மறைந்த குறைகளுக்கு விற்றவனையே பொறுப்பாளியாக்குகிறது.

இந்த அளவுகோலின்படி முற்றம் கூட்டுவது மரியாதை. வெடிப்பை மூடுவது வஞ்சனை. தீர்ப்பு இத்துடன் முடிந்துவிடுமானால் இக்கட்டுரைக்கு அவசியமில்லை. நமது கரையோரத்தில் இத்தீர்ப்புக்கு இடறலாக ஓர் உண்மை குறுக்கே நிற்கிறது: இங்கே விற்பவர் யார்? வாங்குபவர் யார்?

சந்தையில் வாங்குபவன் பணம் கொடுக்கிறான். பொருளைக் கொண்டு போகிறான். இங்கே பார்க்க வருவோர் ஒரு சதமும் கொடுப்பதில்லை. வீடும் பெண் வீட்டாருடையது, வெள்ளையடித்த செலவும் பெண் வீட்டாருடையது. பல வேளைகளில் கைக்கூலியும் பெண் வீட்டாருடையதே. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை மணமகளின் உபயோகத்திற்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்றுதான் வரையறுக்கிறது. நடைமுறையிலோ அது மணமகனின் விலையாகவே பேசப்படுகிறது. மார்க்கம் மஹரை ஆணின்மீது கடமையாக்கியிருக்க, பேரம் எதிர்த்திசையில் ஓடுகிறது.

மறைக்கப்பட்ட வெடிப்பு யார் தலையில் விழும் என்றும் சற்று எண்ணிப் பார்ப்போம். விற்ற வீட்டின் கூரை வாங்கியவன்மீது விழும். சீதன வீட்டின் கூரையோ முதலில் அம்மகளின்மீதே விழும். அவள் பொருட்டு மறைத்த குறையின் கீழே அவளே படுத்துறங்குகிறாள். மாரி பிறந்து மூலை ஒழுகும்போது, "உன் வாப்பா ஏமாற்றிவிட்டார்" என்ற சொல்லையும் அவளே கேட்கிறாள்.

சுண்ணாம்பில்லாமலே மறைக்கக்கூடிய வெடிப்பொன்றும் உண்டு. அது கடன். ஈடு வைத்த வயற்காணியைப் பார்க்க வருபவர் காண்பதில்லை. நெசவுத் தறியிலிருந்தும் வலையிலிருந்தும் வேளாண்மையிலிருந்தும் மிச்சம் பிடித்த காசிலே கல் கல்லாக எழுந்த வீடுகள் இவை. மகளின் வீட்டுக்காக அரபு நாடுகளில் மற்றவர் வீட்டைத் துடைத்துக் கழுவிய உம்மாமார் எத்தனை பேர்! மூத்தவளின் வீட்டிலே அடைபடாத கடன் இளையவளின் வயதாக நீளுகிறது.

பண்டம் ஒன்றிலே உபயோக மதிப்பும் பரிவர்த்தனை மதிப்பும் இருப்பதை மார்க்ஸ் 1867இல் விளக்கினார். வீட்டின் உபயோகம் வாழ்வது. அது காட்சிப் பொருளாகும் அந்த ஒரு வாரத்திலே வாழ்வு பின்வாசலுக்குத் தள்ளப்படுகிறது. நோயாளிக் கிழவியின் கட்டில் முன்னறையிலிருந்து குசினிப் பக்கம் போகிறது. வெடிப்பை மூடும் கை தகப்பனுடையது. மூடச் செய்வது சந்தை.

இவ்வழக்கத்தை முற்றாகத் தீயது என்று தள்ளிவிடவும் என்னால் இயலவில்லை. தாயுரிமையின் வீழ்ச்சியிலே பெண்ணினத்தின் தோல்வியை எங்கெல்ஸ் 1884இல் கண்டார். நமது கரையில் தாய்வழிக் குடிமுறை முழுவதும் வீழ்ந்துவிடவில்லை. உறுதி பெண்ணின் பெயரில் இருப்பதனால், கணவன் கைவிட்டாலும் அவள் தெருவுக்கு வருவதில்லை, போகிறவன் அவனே. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாவட்டங்களுள் அம்பாறையே மிகப் பெரும் இழப்பைக் கண்டது. வெள்ளையடித்த வீடும் அடிக்காத வீடும் சில நிமிடங்களில் ஒன்றாயின. பின்னர் வந்த உதவி வீடுகளிற் பல குடும்பத் தலைவர் என்ற பேரில் ஆணுக்கு எழுதப்பட்டபோதுதான், பெண்ணின் பெயரிலிருந்த உறுதியின் அருமை பலருக்குப் புரிந்தது. பெண்ணுக்கு வீடு இருப்பது நன்று. அதைக் காட்டித்தான் அவளுக்கு வாழ்வு கிடைக்கும் என்பதே தீது.

"வெடிப்பைச் சொன்னால் மாப்பிள்ளை போய்விடுவான், நீர் வந்து என் மகளைக் கரையேற்றுவீரா?" என்று ஒரு தகப்பன் கேட்டால், டயோஜனிஸிடமும் மறுமொழி இல்லை, அந்திப்பாத்தரிடமும் இல்லை. சுதந்திரமான இருவர் பேரம் பேசுவதாக எண்ணியே அவர்கள் வாதிட்டனர். இங்கே ஒருவன் அஞ்சி நிற்கிறான். மற்றவன் எண்ணிப் பார்க்கிறான். ஆயினும் அத்தகப்பனை நான் முற்றாக விடுவிக்கவும் மாட்டேன். அவன் மூடிய வெடிப்பு அடுத்த வளவுத் தகப்பனின் சுவரையும் பளபளக்கச் செய்கிறது; பொய்யின் விலையை ஊர் முழுவதற்கும் உயர்த்துகிறது. அவன் பிழை சிறிது, ஆனால் பிழைதான்.

பெரும் பிழை பார்க்க வருபவருடையது. இவ்விடத்தில் நாம் நம்மையே நோக்கவேண்டும். எந்த மாப்பிள்ளைக்குப் பெரிய வீடு கேட்கிறார்கள்? அரசாங்க உத்தியோகம் பார்ப்பவனுக்கு, ஆசிரியனுக்கு, பட்டதாரிக்கு. வகுப்பறையிலே சமத்துவம் பேசி, மேடையிலே சுரண்டலைச் சாடிவிட்டு, மாலையில் தன் உம்மாவை அனுப்பி மாடிப்படியின் எண்ணிக்கையைக் கேட்டறிபவன் நம்மவனே. "நான் கேட்கவில்லை, வீட்டார் கேட்டார்கள்" என்று அவன் சொல்வதும் வெடிப்பின்மேல் அடித்த வெள்ளைதான்.

ஆகவே உண்மை பேசும் கடமை முதலில் வருபவனைச் சாரும். "வீட்டைப் பார்க்க வரவில்லை, இருப்பதில் இருந்துகொள்வோம். உறுதி உங்கள் மகளின் பெயரிலேயே இருக்கட்டும்" என்று அவன் வாய்திறந்து சொல்லட்டும். அதன்பின் தகப்பனும் அச்சமின்றிச் சொல்வான்: "தம்பி, இந்த மூலை மாரியில் ஒழுகும். ஓட்டை மாற்றவேண்டும். நீங்களும் ஒரு கை பிடியுங்கள்."