விரிசல் முனையில் முடிவிலி

பொய்யென்று தெரிந்த எடுகோளிலிருந்து மெய்யறிவு பிறக்குமா? அறிவியல் மெய்யியலின் இந்தக் கேள்விக்கு எஃகில் விழும் விரிசல் நல்ல உரைகல். 1913இல் ஆங்கிலேயப் பொறியாளர் இங்லிஸ், இழுக்கப்படும் தகட்டிலுள்ள துளையின் ஓரத்தில் தகைவு எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டார். வட்டத் துளைக்கு 3 மடங்கு. இழுவிசைக்குக் குறுக்கே கிடக்கும், அகலத்தைப் போல் 10 மடங்கு நீளமுள்ள நீள்வட்டத் துளைக்கு 21 மடங்கு. துளை ஒடுங்கிக் கூரிய விரிசலானால் விடை முடிவிலி. அதை அப்படியே நம்பினால் விரிசலுள்ள எந்தத் தகடும் சிறு இழுப்புக்கே அறுந்தாக வேண்டும். எஃகு அப்படி அறுவதில்லை.

காரணம், நீட்சித்தன்மை கொண்ட எஃகு முனையருகே மீளாதபடி உருமாறுகிறது. கூரிய முனை மழுங்குகிறது. இந்த உருமாற்றம் சிறு பகுதிக்குள் அடங்கும்வரை, அதைச் சுற்றியுள்ள தகைவுப் புலத்தை ஒரே எண்ணால் குறிக்கலாம் என்று 1957இல் அமெரிக்கரான இர்வின் காட்டினார். முனையில் பொய்யான சூத்திரம் முனையைச் சுற்றி மெய்யாகிறது. உருமாற்றம் பரவும்போது அந்த எண்ணும் போதாது. அந்த நிலைக்காக 1968இல் ஆய்வாளர் ரைஸ் முன்வைத்த ஜே தொகையீடு என்னும் அளவு, முனையைச் சுற்றி எந்தப் பாதையில் கணக்கிட்டாலும் ஒரே மதிப்பைத் தரும். ஆனால் சுமையைக் குறைத்தால் எஃகு வந்த வழியே திரும்பும் என்பது அதன் எடுகோள். உண்மையான எஃகு அப்படித் திரும்பாது. ஆகவே சுமை ஏறிக்கொண்டே இருக்கும்வரை, விரிசல் அதிகம் வளராதவரை மட்டுமே அது செல்லும்.

கோட்பாட்டை விட்டுவிட்டு நேரே அளந்தால் என்ன? தகட்டில் வெள்ளை பூசிக் கரும்புள்ளிகள் தெளித்து, இழுக்க இழுக்கப் படமெடுக்கிறார்கள். கணினி படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எங்கே நகர்ந்தது என்று தேடுகிறது. ஒரு சதுரத்துக்குள் நகர்வு சீராக மாறும் என்பது இதிலுள்ள எடுகோள். விரிசல் குறுக்கே ஓடும் சதுரத்தில், எங்கே அளவு மிகவும் தேவையோ அங்கேயே, அந்த எடுகோள் உடைகிறது. மேலும், கேமரா காண்பது மேற்பரப்பை மட்டுமே. தடித்த தகட்டின் உள்ளே, முனையருகிலுள்ள பகுதியை அதைச் சுற்றியுள்ள உலோகம் சுருங்க விடாமல் பிடித்து நிறுத்துகிறது. மாங்கனீசு சல்பைடு போன்ற துகள்களைச் சுற்றி நுண்குழிகள் தோன்றி, பெருகி, ஒன்றோடொன்று இணைகின்றன. அங்கே நடப்பதை மேற்பரப்பிலிருந்து அனுமானிக்க வேண்டியுள்ளது. புகையைக் கண்டு நெருப்பை அறியும், இந்திய மெய்யியலின் நியாய மரபு கூறும் அனுமானமும், அவ்விரண்டின் மாறாத உடனிகழ்ச்சியை நம்பியே நிற்கிறது. மேற்பரப்புக்கும் உட்பகுதிக்கும் அத்தகைய தொடர்பு தானாக அமைவதில்லை. அதை நிறுவ மறுபடியும் கோட்பாடே தேவை.

கோட்பாடு உலகின் அச்சுப் பிரதி என்பவர்களுக்கு முனையிலுள்ள முடிவிலி மறுப்பு. கோட்பாடு வெறும் கணக்குக் கருவி என்பவர்களுக்கு, எங்கே தவறும், ஏன் தவறும் என்பதை இயற்பியலே முன்கூட்டிச் சொல்லிவிடுவது மறுப்பு. பொய் எந்த எல்லைக்குள் அடங்குகிறது என்று தெரிந்தால், அந்த எல்லைக்கு வெளியே கிடைப்பது மெய்யறிவுதான். அணு உலைக் கலனும் எரிவாயுக் குழாயும் இந்தக் கணக்குகளை நம்பி இயங்குவதால், எல்லையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது அறிவுப் பிழை மட்டுமல்ல, அறப்பிழையும் ஆகும்.