மழுங்கிய வாள்

என் நண்பர் ஒருவரின் மகன் ஸ்வீடன் தேசத்தில் உத்தியோகம் பார்க்கிறான். கோடை விடுமுறையின்போது அவன் தகப்பனாருக்குச் சில படங்கள் அனுப்பியிருந்தான். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு நண்பர் என்னிடம் வந்தார். படத்தில் பையன் முழங்கால் வரை தொங்கும் இரும்பு வளையச் சட்டை அணிந்து, தலையில் இரும்புத் தொப்பி கவிழ்த்து, கையில் வாளுடன் சிரித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு பழைய கோட்டை மதில்.

"இதைப் பாருங்கள், ஸார். முப்பது வயது ஆகிறது. கலியாணம் செய்துகொள் என்றால் நேரமில்லை என்கிறான். கத்திச் சண்டை போட மட்டும் நேரம் இருக்கிறது" என்றார்.

நண்பர் அகிம்சையில் உறுதியான பற்றுடையவர். வீட்டுக் குழந்தைகளுக்குப் பொம்மைத் துப்பாக்கிகூட வாங்கித் தராதவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேடிக்கை கிடக்கட்டும். மனிதனை மனிதன் கொன்ற கருவிகளை எடுத்து மாட்டிக்கொண்டு அழகு பார்ப்பது சரியா, தப்பா? நீங்கள் கதை எழுதுகிறவர். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்றார்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அந்தப் படம் எடுத்த ஊரைப் பற்றிப் படித்துப் பார்த்தால் பதில் எளிதாகும் என்று நினைத்தேன். படித்த பிறகு அது இன்னும் கடினமாகிவிட்டது.

அந்த ஊரின் பெயர் விஸ்பி. பால்டிக் கடலில் கோட்லாந்து என்ற தீவில் இருக்கிறது. வணிகத்தால் செழித்த பழைய நகரம். மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அதன் கல் மதில் பெரும்பாலும் இன்றும் நிற்கிறது. 1984-லிருந்து ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் அங்கே 'மத்திய கால வாரம்' கொண்டாடுகிறார்கள். அந்த நாட்களில் ஊரே பதினான்காம் நூற்றாண்டாகிவிடுகிறது. பல தேசங்களிலிருந்து வருகிற ஆர்வலர்கள் அக்காலத்து உடை உடுத்து, அக்காலத்துக் கவசம் பூண்டு, அக்காலத்துப் போரைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

இவர்களை மாறுவேஷப் போட்டிக்கு வந்தவர்களாக எண்ணிவிடக் கூடாது. ஒரு பட்டைக்கொக்கி எந்த நூற்றாண்டுக்கு உரியது என்பதை நாள் கணக்கில் விவாதிக்கக் கூடியவர்கள். சினிமா நமக்குக் கற்பித்த பிழைகள் இவர்களிடம் செல்லுபடியாகா. 1944-இல் வெளிவந்த 'ஐந்தாம் ஹென்றி' என்ற ஆங்கிலப் படத்தில், கவசம் பூண்ட வீரனைக் கப்பி கட்டித் தூக்கிக் குதிரைமேல் இறக்குவார்கள். அது வெறும் கற்பனை. தலை முதல் கால் வரை மூடும் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ எடை இருக்கும். அந்தப் பாரம் உடம்பெங்கும் பகிர்ந்து நிற்பதால் பழகியவன் அதோடு ஓடலாம், குனியலாம், குதிரையேறலாம். பூசிக்கோ என்ற பிரெஞ்சுத் தளபதி கவசத்தோடு குட்டிக்கரணம் போட்டதாக அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. வாளும் அப்படித்தான். இரு கைகளால் தூக்க வேண்டிய பெரும்பாரம் என்று நாம் நினைக்கிறோம். சாதாரண வாள் ஒன்றின் எடை ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு உண்மை தேடுகிறவர்கள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தெரிந்தே பொய் செய்கிறார்கள். வாளின் விளிம்பைக் கூர் தீட்டாமல் தடித்ததாக விட்டுவிடுகிறார்கள். முனையை வட்டமாக உருட்டிவிடுகிறார்கள். முகத்தை நோக்கிக் குத்தக் கூடாது, கீழே விழுந்தவனை அடிக்கக் கூடாது என்று விதி வைத்துக்கொள்கிறார்கள். கவசத்தில் எல்லாம் உண்மை. வாளில் மட்டும் கருணை.

தூரத்து மனிதர்களின் தூரத்துப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. உலகெங்கும் இந்த ஆர்வலர்கள் வாங்கும் வாள்களும் கவசங்களும் கணிசமான அளவில் நம் நாட்டில், தேராதூன், மீரட் பகுதிப் பட்டறைகளில் செய்யப்பட்டுக் கப்பலேறுகின்றன. ஒவ்வோர் இரும்பு வளையத்தையும் பக்கத்திலுள்ள நான்கு வளையங்களோடு கோக்க வேண்டும். ஒரு சட்டை முடியப் பல்லாயிரம் வளையங்கள் வேண்டும். நம்மவர் ஒருவர் குனிந்து உட்கார்ந்து கோத்த வளையச் சட்டையைத்தான் என் நண்பரின் பிள்ளை போட்டுக்கொண்டிருந்தானோ என்னவோ, யார் கண்டது?

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த விவரங்கள் அல்ல. இந்த ஆர்வலர்கள் பதினான்காம் நூற்றாண்டுக் கவசத்தின் அமைப்பை எங்கிருந்து கற்றுக்கொண்டார்கள் என்ற விஷயந்தான்.

அக்காலத்தில் இறந்த வீரனைக் கவசத்தோடு புதைப்பதில்லை. இரும்பு விலை மதிப்புள்ள பொருள். வென்றவன் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆகவே சாமானியர் அணிந்த கவசங்களில் எஞ்சியவை மிகக் குறைவு. அதற்குப் பெரிய விதிவிலக்கு விஸ்பியில் கிடைத்தது. 1905-லிருந்து 1928 வரையிலான காலத்தில் மதிலுக்கு வெளியே பெரும் புதைகுழிகளைத் தோண்டினார்கள். 1,185 பேருடைய எலும்புகள் கிடைத்தன. பலருடைய தலைகளில் இரும்பு வளைய முக்காடு அப்படியே இருந்தது. தோலுக்கோ தடித்த துணிக்கோ உட்புறமாக இரும்புத் தகடுகளை வைத்து ஆணி அடித்துச் செய்த அங்கிகளும் இருபதுக்கு மேல் கிடைத்தன. ஜூலை மாதத்து வெயிலில் பிணங்கள் அழுகத் தொடங்கியதால், கழற்ற நேரமில்லாமல் அவசரமாகப் புதைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். பெங்ட் தோர்டெமான் என்ற அறிஞர் 1939-40-இல் அவற்றைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். இன்று உலகில் எங்கே ஒருவர் 'விஸ்பி அங்கி' தைத்துக்கொண்டாலும், அதன் அச்சு அந்தக் குழியிலிருந்து வந்ததுதான்.

அந்தக் குழியில் கிடந்தவர்கள் யார்? அரசர்களா, பிரபுக்களா? இல்லை. தீவின் விவசாயிகள். 1361-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் டென்மார்க் அரசன் வால்டெமார் அட்டெர்டாக் பெரும்படையோடு கோட்லாந்தில் இறங்கினான். அவனுடைய ஆட்கள் போரில் தேர்ந்தவர்கள். எதிர்த்து நின்றவர்களோ கலப்பை பிடித்தவர்கள். அவர்கள் அணிந்திருந்த கவசங்களில் பல அக்காலத்துக்கே பழசாகிப்போனவை. பாட்டனார் காலத்துப் பரணிலிருந்து இறக்கியவையாக இருக்கலாம். எலும்புகளை ஆராய்ந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். மாண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் மீசை முளைக்காத பையன்கள், முதியவர்கள், ஊனமுற்றவர்கள். முதுகெலும்பு நோயால் நிமிர முடியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்ட எலும்புகள் பல. மார்பைக் கேடயமும் அங்கியும் மறைத்திருக்க, வாள் மறைக்காத இடத்தைத் தேடியிருக்கிறது. ஒருவனுடைய இரண்டு கால்களும் ஒரே வீச்சில் போயின என்று நினைக்கிறார்கள்.

ஜூலை 27-ஆம் தேதி இது நடந்தது. நகரத்து வாயிலுக்கு முன்னாலேயே நடந்தது. வாயிற்கதவு மூடியிருந்தது. உள்ளே வணிகர்கள் இருந்தார்கள். விவசாயிகளுக்கும் நகரத்தாருக்கும் நெடுநாள் பகை. 1288-இல் அவர்களுக்குள் சண்டையே மூண்டிருக்கிறது. நகரத்தார் கதவைத் திறக்கவில்லை. வெளியே எல்லாம் முடிந்த பிறகு அரசனிடம் சரணடைந்தார்கள். கேட்ட பொருளைக் கொடுத்தார்கள். அரசன் அவர்களுடைய பழைய உரிமைகளை உறுதி செய்தான். வியாபாரம் தொடர்ந்தது. மதிலுக்கு வெளியே ஒரு கற்சிலுவை மட்டும் நிற்கிறது. இங்கே விழுந்தவர்களுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது.

பையனுக்குப் பின்னால் படத்தில் நின்றது அந்த மதில்தான்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மாண்டவனின் சட்டையை மாட்டிக்கொண்டு மகிழலாமா?

கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. விளையாட்டு மனத்தில் வேட்கையை வளர்க்கும் என்பது அது. ரஷ்யாவில் இகோர் கிர்கின் என்று ஒருவர். உளவுத் துறையில் பணியாற்றியவர். பழம்போர்களை வேஷமிட்டு நடத்துவதில் தீவிர ஆர்வலர். 2014-இல் அவர் உக்ரைனின் கிழக்குப் பகுதியில் ஆயுதக் குழுவுக்குத் தலைமை தாங்கி, நிஜமான போரை மூட்டியவர்களில் ஒருவரானார். அந்த ஆண்டு ஜூலையில் மலேசிய விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அந்தக் கொலைகளுக்காக 2022-இல் நெதர்லாந்து நீதிமன்றம், அவர் நேரில் வராத நிலையிலேயே, அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. என் நண்பரின் அச்சம் ஆதாரமில்லாதது என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஆனாலும் கிர்கின் ஒருவர். மாலையில் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்கள் தங்கள் உடம்பால் சில உண்மைகளைக் கற்கிறார்கள். 2011-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் இத்தகைய அனுபவசாலிகளைக் கவசத்தோடு நடைப்பொறியில் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். கவசத்தோடு நடக்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று தெரிந்தது. காலில் கட்டிய இரும்பு ஒவ்வோர் அடிக்கும் கூலி கேட்கிறது. போர் என்பது முதலில் மூச்சுத் திணறல் என்பதைச் சரித்திரப் புத்தகம் நமக்குச் சொல்வதில்லை. அதை அணிந்து பார்த்தவன் சொல்கிறான். அதோடு, எதிரியாக நின்றவன் விழுந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்பதையும் அவன் பழகுகிறான். விழுந்தவன் எழுந்திருப்பான் என்ற உறுதி இருக்கும் வரையில் அது விளையாட்டு. அந்த உறுதி யாருக்குச் சலித்துப்போகிறதோ அவனைக் கண்டுதான் நாம் பயப்பட வேண்டும்.

ஆகவே விளையாடுவது பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. விளையாட்டில் எதை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் பாவபுண்ணியம் இருக்கிறது. நண்பர் காட்டிய படங்களில் நின்றவர்கள் எல்லாரும் திடகாத்திரமான இளைஞர்கள். அவர்களுடைய அங்கி குழியிலிருந்து வந்தது. அந்த அங்கிக்குள் இருந்த கூன் முதுகுக்காரனும், மீசை முளைக்காத பையனும், பழுதுற்ற காலை இழுத்துக்கொண்டு வந்தவனும் அதோடு வரவில்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றும் யோசித்தேன். பல ஆண்டுகளுக்கு முன்னால் நான் ஒரு சரித்திரத் தொடர்கதை எழுதினேன். அதில் ஒரு பெரிய போர் வரும். கதாநாயகனுக்கு இடத்தோளில், நாயகி கட்டுப்போடத் தக்க அளவில், அழகான ஒரு காயம் படும். மற்றவர்கள் மாண்டதை, "களம் பிணக்காடாயிற்று" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்தப் பிணக்காட்டில் முகம் உள்ளவர் ஒருவரும் இல்லை. வாசகர்கள் அந்த அத்தியாயத்தைப் பாராட்டி நிறையக் கடிதங்கள் எழுதினார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. அந்தப் பையன் வாங்கியது மழுங்கிய வாள். நான் எழுதியது மழுங்கிய போர். வாளை மழுக்குவது கருணை. போரை மழுக்குவது கருணையாகாது. அது பொய். படிக்கிறவனுக்குப் போர் இனிக்கும்படி செய்கிற பொய்.

இவ்வளவையும் நண்பரிடம் ஒரு மாலையில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் பையனுக்கு என்ன எழுதட்டும்?" என்றார்.

"விட்டுவிடு என்று எழுதாதீர்கள். அடுத்த ஆண்டு போனால் மதிலுக்கு வெளியே உள்ள அந்தக் கற்சிலுவை வரையில் ஒரு தடவை நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாளாவது காலை இழுத்துக்கொண்டு வந்த அந்த விவசாயியாக நிற்கச் சொல்லுங்கள். வீரன் வேஷம் போட ஆள் கிடைக்கும்" என்றேன்.

நண்பர் படத்தைக் கையில் எடுத்து, பையனை விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் இருந்த மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்றைக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களே, அந்த நகரத்து ஜனங்கள். அவர்கள் வேஷத்தை யார் போடுவது?" என்று கேட்டார்.

அந்த வேஷத்துக்குத் தனியாக உடை தைக்க வேண்டியதில்லை, கவசம் வாங்க வேண்டியதில்லை. வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உக்ரைனைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கும் நானும் இருக்கிறேன். அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.