சதுரக் கட்டர்

பெரியப்பாவின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. “எனக்கு எட்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்” என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வார். 1971-இல், தைப்பிங்கில் அவர் வேலை செய்த மரப்பட்டறையில், இழைப்பு மிஷினில் போன விரல்கள். எப்படிப் போச்சு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “எங்கவனம் தப்பிருச்சு. மிஷின் என்னா செய்யும்?”

போன வருஷம் அந்தப் பட்டறையை மூடினார்கள். பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணன், அதே மிஷினைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பெயர்ப்பலகை உடைந்துபோன ஆங்கிலேய மிஷின் அது. யார் செய்தது, எந்த வருஷம் என்று தெரியாது. வார்ப்பிரும்பு உடம்பு மட்டும் மூன்று பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையவில்லை.

பழைய மர மிஷின்களைச் சீர்செய்து ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அண்ணன் அவர்களிடமிருந்து ஒவ்வொரு வேலையாகக் கற்றுக்கொண்டார். முதலில் துரு. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கலந்த நீர்; அதற்குள் துருப்பிடித்த பாகமும் ஒரு வேண்டாத இரும்புத் தகடும்; பேட்டரி சார்ஜரிலிருந்து மின்சாரம். பாகத்தின் துரு இளகிக் கழன்றுவர, தகடு மெல்ல அரித்துப்போகும். ஒரு இரும்பைக் காப்பாற்ற இன்னொரு இரும்பைப் பலி கொடுக்கும் ஏற்பாடு. அடுத்தது பேரிங். அந்தக் காலத்து மிஷின்கள் பலவற்றில் குண்டு பேரிங் கிடையாது. ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839-இல் உண்டாக்கிய, ஈயமாய்த் தெரிந்தாலும் பெரும்பாலும் வெள்ளீயமாக இருக்கும் கலவையை உருக்கி, தண்டைச் சுற்றி ஊற்றி உறையவைத்திருப்பார்கள். தேய்ந்துபோனால் உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றலாம். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் கொதிக்கும் உலோகம் தெறித்து முகத்தில் அடிக்கும். அண்ணன் இரண்டு முறை ஊற்றி, இரண்டாவது முறைதான் சரியாக வந்தது.

அதற்குப் பிறகுதான் கட்டருக்கு வந்தார்.

இழைப்பு மிஷினில் முன்னும் பின்னும் இரண்டு மேசைகள். நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் கத்தி பூட்டிய கட்டர் சுழலும். பலகையைக் கையால் அதன் மேல் தள்ள வேண்டும். பழைய மிஷின்களின் கட்டர் சதுரமான இரும்புக் கட்டை. அதன் பக்கங்களில் கத்திகளை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். நான்கு மூலைகளும் இடிக்காமல் சுற்ற வேண்டும் என்பதால் மேசைகளுக்கு நடுவில் இடைவெளி அகலமாக இருக்கும். மூலைக்கும் மூலைக்கும் நடுவிலோ வெறும் பள்ளம். வேகமாகச் சுழலும்போது அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. கை வழுக்கினால் விரல் பள்ளத்துக்குள் இறங்கும். அடுத்த மூலை வந்து இழுத்துக்கொள்ளும். உருண்டைக் கட்டரில் கத்தி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கொஞ்சம்தான். அதிலும் காயம் படும். ஆனால் விரலை உள்ளே வாங்கிக்கொள்ள அதில் பள்ளம் இல்லை.

அண்ணனுக்கு இரண்டு மனசு. சதுரக் கட்டரை எடுத்துவிட்டால் அது பழைய மிஷினா? உடைந்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய தீசியஸின் கப்பலைப் பற்றி நாம் எல்லோரும் எங்கேயாவது படித்திருப்போம். அந்தக் கேள்வியில் எனக்கு எப்போதும் ஒரு குறை தோன்றும். அது பலகையை மட்டும் பார்க்கிறது. கப்பலில் துடுப்புப் போடுகிறவனை யாரும் கேட்பதில்லை.

ஜான் ரஸ்கின் 1849-லேயே புனரமைப்பைக் கடுமையாக எதிர்த்தார். பழைய கட்டடத்தைப் புதிதுபோல ஆக்குவது அதை அழிப்பதற்குச் சமம் என்பது அவர் கட்சி. கல்லில் பதிந்திருக்கும் காலமும் கைவேலையும் அதோடு போய்விடும் என்று பயந்தார். வேலையாளை வெறும் கருவியாக்கும் தொழில்முறையைக் கண்டித்தவரும் அதே ரஸ்கின்தான். இந்த மிஷின் விஷயத்தில் அவருடைய இரண்டு கவலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. கட்டடம் சும்மா நின்றாலும் கட்டடம்தான். மிஷின் ஓடினால்தான் மிஷின். ஓடும் மிஷினுக்கு முன்னால் ஒரு உடம்பு நின்றாக வேண்டும்.

“நான்தானே ஓட்டப்போறேன், நான் பாத்துக்குவேன்” என்றார் அண்ணன். இந்த வாதத்தை லேசில் ஒதுக்க முடியாது. தன் விரலைப் பணயம் வைக்கத் தனக்கு உரிமை இல்லையா? கூலிக்காக நின்றவனுக்கு அந்தத் தேர்வு இருக்கவில்லை, அண்ணனுக்கு இருக்கிறது. ஆனால் வார்ப்பிரும்பு மனிதனைவிட நீண்ட நாள் வாழும். அண்ணனுக்குப் பிறகு அவர் மகன், அதற்குப் பிறகு யாரோ ஒரு கூலியாள் அதன் முன்னால் நிற்பான். இன்னும் வராதவனுக்கும் சேர்த்து நாம் சம்மதம் சொல்லிவிட முடியாது.

எனக்கு ஆச்சரியம், பெரியப்பாவும் மாற்றக்கூடாது என்றார். “இருந்த மாதிரியே இருக்கட்டும்டா. தப்பு எம்மேல.”

அப்போதுதான் நான் படித்திருந்ததை அவரிடம் சொன்னேன். இங்கிலாந்தில் 1922-இல் மர மிஷின்களுக்கென்று ஒரு ஒழுங்குவிதி வந்தது. கையால் தள்ளி இழைக்கும் மிஷினில் உருண்டைக் கட்டர்தான் இருக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. சதுரக் கட்டர் விரலைத் தின்னும் என்பது அதைச் செய்த நாட்டுக்கே தெரிந்திருந்தது. பெரியப்பாவின் விரல் போவதற்கு 49 வருஷம் முன்னால்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எந்த வருஷம்னு சொன்ன?” என்றார். சொன்னேன். சாப்பிடும்போது மறுபடி கேட்டார்.

எனக்கு அன்றைக்குப் புரிந்தது இதுதான். பழைய பொருளின் மேல் நமக்கு வரும் ஆசையில் ஒரு மறதி கலந்திருக்கிறது. ‘அந்தக் காலத்து இரும்பு, எப்படி நிக்குது பாருங்க’ என்கிறோம். நிற்பது இரும்பு. அதோடு நின்ற கைகளின் கணக்கு எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லை. கவனக்குறைவு என்ற ஒற்றைச் சொல்லை வேலையாளின் தலையில் கட்டிவிட்டால், பள்ளத்தோடு செய்து விற்றவனும் வாங்கிப்போட்டவனும் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறார்கள். வேலையாளே அந்தச் சொல்லைத் தன் வாயால் ஐம்பது வருஷம் சொல்லிக்கொண்டிருப்பான். துருவை நீக்கிப் பச்சைச் சாயம் அடித்து மினுக்கும்போது நாமும் அந்த மறதிக்குத்தான் சாயம் பூசுகிறோம்.

ஆகவே பழைய கட்டரைத் தூக்கி எறிவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எறிந்துவிட்டால் மிஷின் எப்போதுமே நல்ல பிள்ளையாக இருந்தது போல ஆகிவிடும். அருங்காட்சியகத்தில் ஓடாமல் நிற்கும் மிஷினில் சதுரக் கட்டர் இருக்கட்டும்; அங்கே இரும்புக்கு உண்மையாக இருக்கலாம். ஓடும் மிஷினில் கைக்குத்தான் உண்மையாக இருக்க வேண்டும்.

அண்ணன் லேத் பட்டறையில் கொடுத்து, பழைய பேரிங்கில் பொருந்தும்படி ஒரு உருண்டைக் கட்டர் கடைந்து வாங்கினார். மிஷின் விலையைவிட அதற்குத்தான் கூடுதல் செலவு. முதல் மெரந்திப் பலகையைத் தள்ளும்போது பெரியப்பா கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் பழைய சத்தம் இல்லை என்றார்.

சதுரக் கட்டர் இப்போது பட்டறைச் சுவரில், இரண்டு ஆணிகளின் மேல் இருக்கிறது. கீழே சாக்பீஸால் இரண்டு வருஷங்களை எழுதியிருக்கிறார்கள்: 1922, 1971. எழுத்து பெரியப்பாவுடையது.